பின்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது? டிரெய்லிங் ஆர்ம் புஷ் மாற்றுவதற்கு முன் தெரிய வேண்டியவை

வேகமாக ஓட்டும் காரின் பின்பக்கம் ஆடுகிறது என்று யாராவது சொன்னால் உடனே ஒரு பதில் வந்துவிடும்: “ரப்பர் புஷ்ஷைக் கழற்றிப் போட்டுட்டு பாலியூரித்தேன் போடுங்க, கெட்டியா இருக்கும்.” இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. தவறாக உள்ள மறுபாதியால் பல கார்கள் முன்பைவிட மோசமாக ஓடுகின்றன. சில கார்களில் பாடி கிழிந்துபோகிறது.

புஷ் என்பது சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்மும் காரின் பாடியும் சேரும் இடத்தில் உள்ள மூட்டு; பாலியூரித்தேன் என்பது ரப்பரைவிடக் கெட்டியான ஒரு பிளாஸ்டிக். புஷ் எவ்வளவு கெட்டி என்று கேட்பதற்கு முன், அது எந்தத் திசையில் அசைய வேண்டும், எந்தத் திசையில் அசையவே கூடாது என்று கேட்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள பிஎம்டபிள்யூவின் ஈ36, ஈ46 தலைமுறை 3 சீரிஸ் கார்களையும் அவற்றின் எம்3 வகைகளையும் எடுத்துக்கொள்வோம். டிரெய்லிங் ஆர்ம் புஷ் பற்றிய பேச்சு உலகம் முழுக்க அதிகம் சுற்றிவருவது இந்தக் கார்களை வைத்துத்தான்.

பைக்கிலிருந்து தொடங்குவோம்

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மைப் பாருங்கள். அதன் முன்முனை சட்டத்தில் ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். பின்முனையில் சக்கரம். பள்ளத்தில் இறங்கினால் சக்கரம் மேலும் கீழும் போகும், முன்முனை போல்ட்டைச் சுற்றித் திரும்பும். அந்தப் போல்ட்டைச் சுற்றியுள்ள புஷ் தேய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று பைக் ஓட்டுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளைவில் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்கு வாலாட்டும்.

காரின் டிரெய்லிங் ஆர்மும் இதே குடும்பம்தான். முன்முனை பாடியில், பின்முனையில் சக்கரம். ‘டிரெய்லிங்’ என்றால் பின்னால் இழுபட்டு வருவது. ஆர்மின் முன்முனைக்கும் பாடிக்கும் நடுவே உட்காரும் மூட்டுதான் டிரெய்லிங் ஆர்ம் புஷ். பக்கத்துக்கு ஒன்று, ஆக மொத்தம் இரண்டு.

பைக்கோடு ஒற்றுமை இதோடு முடிகிறது. பைக்கில் ஸ்விங் ஆர்ம் தனியாகவே சக்கரத்தைப் பிடிக்கிறது. ஈ36, ஈ46 கார்களில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஒரு டிரெய்லிங் ஆர்ம் உண்டு. அதோடு காரின் நடுவிலிருந்து குறுக்கே வரும் இரண்டு கன்ட்ரோல் ஆர்ம்களும் உண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. இந்த அமைப்பை பிஎம்டபிள்யூ முதலில் 1989-இல் இசட்1 காரில் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஈ30-இல் இருந்தது சாய்வாக மாட்டிய செமி டிரெய்லிங் ஆர்ம், அதன் கணக்கே வேறு. ஈ36 காலத்திலேயே வந்த காம்பாக்ட், இசட்3 இரண்டும் ஈ30-இன் பழைய அமைப்பில்தான் இருந்தன. எனவே அவற்றுக்கு இந்தக் கட்டுரை அப்படியே பொருந்தாது.

புஷ்ஷுக்குள் எதுவும் சுழல்வதில்லை

ஒரு சாதாரண ரப்பர் புஷ்ஷில் மூன்று பாகங்கள். நடுவில் ஒரு உலோகக் குழாய், சுற்றி ரப்பர், அதற்கு வெளியே உறை. போல்ட் நடுக்குழாய் வழியாகப் போகும். போல்ட்டை முறுக்கியதும் நடுக்குழாய், பாடியில் பூட்டிய பிராக்கெட்டோடு அசையாமல் பூட்டிக்கொள்ளும். வெளியுறை ஆர்மில் இறுக்கமாக அழுந்தி உட்கார்ந்திருக்கும். அப்படியானால் ஆர்ம் எப்படித் திரும்புகிறது? நடுவில் உள்ள ரப்பர் முறுகுகிறது.

பள்ளிக்கூட அழிரப்பரை இரண்டு கைகளாலும் முனைக்கு ஒன்றாகப் பிடித்து லேசாக முறுக்குங்கள். விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். புஷ்ஷும் அப்படியே. அதில் எதுவும் வழுக்குவதில்லை, எண்ணெயோ கிரீஸோ தேவையில்லை. ஆனால் அதற்கென்று ஓர் ஓய்வு நிலை உண்டு, அதாவது ரப்பர் எந்தப் பக்கமும் முறுகாமல் இருக்கும் நிலை. கார் தரையில் நிற்கும்போது புஷ் அந்த ஓய்வு நிலையில் இருக்க வேண்டும். பின்னால் வரும் வேலை முழுவதற்கும் இந்த ஒரு வரிதான் திறவுகோல்.

முழங்காலும் தோள்பட்டையும்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷைப் பார்த்தால் முழங்கால் மூட்டு மாதிரி தோன்றும். ஒரே போல்ட், ஒரே திசையில் மேலும் கீழும் மடங்கினால் போதும் என்று நினைப்போம்.

ஆனால் சக்கரம் மேலே ஏறும்போது குறுக்கே வரும் இரண்டு கன்ட்ரோல் ஆர்ம்களும் தங்கள் உள்முனையை மையமாக வைத்து வட்டத்தில் நகர்கின்றன. இரண்டின் நீளமும் ஒன்றல்ல. அதனால் சக்கரம் மேலே போகப் போக உட்பக்கமாகச் சாய்கிறது. இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். சக்கரம் டிரெய்லிங் ஆர்மோடு உறுதியாகப் பூட்டியிருப்பதால், சக்கரம் சாய்ந்தால் ஆர்மும் தன் நீளவாக்கில் சற்று உருள வேண்டும். வட்டத்தில் நகர்வதால் ஆர்மின் பின்முனை பக்கவாட்டிலும் கொஞ்சம் தள்ளப்படும்.

ஆக, முன்முனை புஷ் மேலும் கீழும் மடங்குவது போதாது. உருளவும் வேண்டும், லேசாகப் பக்கம் திரும்பவும் வேண்டும். இது தோள்பட்டை செய்யும் வேலை. ரப்பர் எல்லாத் திசையிலும் இழுபடும் என்பதால் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

இதுவரை பார்த்தது: ஆர்ம் முன்னால் ஒரு புஷ்ஷிலும், பின்னால் இரண்டு குறுக்கு ஆர்ம்களிலும் தொங்குகிறது. புஷ் ரப்பரை முறுக்கித்தான் வேலை செய்கிறது. அந்த முறுக்கல் ஒரு திசையில் மட்டும் நடப்பதல்ல.

2 மில்லிமீட்டர் ஏன் பெரிய விஷயம்

காரை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் டோ-அவுட். பின்பக்கம் டோ-இன் இருந்தால் கார் நேராக நிற்கும். டோ-அவுட் ஆனால் பின்பக்கமே ஸ்டீயரிங் பிடித்தது போல் கார் திரும்பத் துடிக்கும். இத்தகைய கார்களில் பின்சக்கரம் ஒன்றுக்கு டிகிரியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் டோ-இன் வைப்பார்கள்.

புஷ்ஷுக்கும் சக்கர மையத்துக்கும் இடையே சுமார் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்த புஷ்ஷில் ஆர்மின் முன்முனை பக்கவாட்டில் 2 மி.மீ. நகர்ந்தால் சக்கரம் ஏறத்தாழ 0.23 டிகிரி திரும்பிவிடும். வைத்திருந்த டோ-இன் அத்தனையும் அதில் கரைந்துவிடும். ஈ46 எம்3-இன் 18 அங்குலப் பின் டயர் 255/40 அளவு, விட்டம் சுமார் 661 மி.மீ. அந்தக் கோணத்தை டயரில் அளந்தால் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 2.6 மி.மீ. வித்தியாசம் வரும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 120 கி.மீ. வேகத்தில் வளைவில் இருக்கும்போது இடுப்பு உணர்ந்துவிடும்.

இந்தத் திருப்பம் எப்போது வரும் என்பதையும் பாருங்கள். டயர் புஷ்ஷைவிட வெளிப்பக்கம் இருக்கிறது. பிரேக் பிடித்தால் சாலை டயரைப் பின்னோக்கி இழுக்கிறது. வெளிப்பக்கத்தில் விழும் அந்த இழுப்பு ஆர்மின் முன்முனையை வெளியே தள்ளி சக்கரத்தை டோ-அவுட் பக்கம் திருப்பும். ஆக்சிலரேட்டர் மிதித்தால் எதிர்த்திசை, டோ-இன். வளைவின் நடுவே காலை எடுத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். “கால எடுத்தா பின்னாடி தானாத் திரும்புது” என்று ஓட்டுபவர்கள் சொல்வது இதைத்தான். புதிய ரப்பரிலும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு, ஆனால் அது கணக்குப் போட்டு விட்டது. தேய்ந்த ரப்பரின் நெகிழ்வுக்குக் கணக்கே கிடையாது.

தேய்ந்ததா என்று பார்ப்பது

லிஃப்டில் ஏற்றி, ஆர்மின் முன்முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே கடப்பாரை மாதிரியான பிரை பாரைச் செருகிப் பக்கவாட்டில் நெம்புங்கள். ரப்பர் இழுபட்டுத் திரும்ப வருவது இயல்பு. ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே இடைவெளி திறந்தாலோ, ‘டக்’ என்று உலோகம் மோதினாலோ, ரப்பரைச் சுற்றி வளையமாக வெடிப்பு தெரிந்தாலோ புஷ் போய்விட்டது. கருப்புத் தூள் உதிர்ந்திருப்பதும் அடையாளம். பின் டயர்களின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்து உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருந்தால் கேம்பரோடு டோவும் ஆடியிருக்கிறது என்று அர்த்தம்.

‘அலைன்மென்ட் பண்ணினேன், சரியாகவில்லை’ என்ற புகாரின் காரணமும் இதுவே. அலைன்மென்ட் நிற்கும் காரில் அளப்பது. தேய்ந்த புஷ் ஓடும்போதுதான் நகரும்.

எதைப் போடுவது

முதல் தேர்வு புதிய ரப்பர், கம்பெனி தரத்தில். சாலையில் ஓடும் காருக்கு இதுவே பெரிய மேம்பாடு என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். பதினைந்து வருடப் புஷ்ஷோடு ஒப்பிட்டால் புதியது வேறு கார் போல இருக்கும்.

இரண்டாவது, அதே ரப்பரோடு லிமிட்டர் சேர்ப்பது. லிமிட்டர் என்பது கெட்டியான பிளாஸ்டிக் வட்டு. புஷ்ஷின் இரு பக்கமும் பிராக்கெட்டுக்குள் உட்காரும், காருக்கு மொத்தம் நான்கு. ஆர்ம் மேலும் கீழும் மடங்குவதையும் உருள்வதையும் ரப்பர் கவனித்துக்கொள்ளும், பக்கவாட்டு நகர்வை மட்டும் வட்டு நிறுத்திவிடும். வேண்டாத அசைவை மட்டும் பிடித்து, வேண்டிய அசைவை விட்டுவிடுவதால், சாலையிலும் அவ்வப்போது பந்தய டிராக்கிலும் ஓடும் காருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். செலவும் குறைவு. வட்டு மிக இறுக்கமாக இருந்தால் கீச்சிடும், தேய்ந்து தூளாகும், எனவே உட்காரும் இடத்தில் கையால் சற்றுத் திருப்ப முடிகிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

மூன்றாவது பாலியூரித்தேன். பெரும்பாலும் ஷோர் ஏ அளவில் 80 முதல் 95 வரை கடினம், ரப்பரைவிடக் கெட்டி. ஷோர் என்பது ஒரு ஊசி பொருளுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லும் கடின அளவு. இது உலோகத்தோடு ஒட்டவைத்ததல்ல. நடுக்குழாய் அதற்குள் வழுக்கித்தான் திரும்பும், எனவே அதற்கென்று வரும் கிரீஸ் கட்டாயம், கிரீஸ் காய்ந்தால் கிறீச் சத்தம். இதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. முழங்கால் வேலையை இது நன்றாகச் செய்யும், தோள்பட்டை வேலைக்கு இணங்காது. ஆர்ம் உருள முயலும்போது புஷ் எதிர்த்து நிற்கும். இந்த நிலையை பைண்ட் ஆவது என்பார்கள், அதாவது அசைவு நடுவழியில் சிக்கிக்கொள்வது. சிக்கும்போது அது சொல்லாமல் சேர்ந்த ஒரு ஸ்பிரிங் மாதிரி ஆகிறது. பின்சக்கரத்தின் பிடி படிப்படியாகக் குறையாமல் சட்டென்று அறுந்துபோகும். எதிர்ப்பு முழுவதும் பிராக்கெட் போல்ட்டுகள் வழியாகப் பாடித் தகட்டுக்குப் போய்ச் சேரும். ஈ36-இல் இந்தப் பிராக்கெட் உட்காரும் பாக்கெட் தகடு கிழிவது டிராக் கார்களில் நன்கு அறியப்பட்ட நோய். பாலி போட்டுப் பல கார்கள் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் இந்த ஒரு மூட்டுக்கு அது பொருத்தமான பொருள் அல்ல. 1990-களின் ஹோண்டா சிவிக்கிலும் பின் டிரெய்லிங் ஆர்ம் புஷ் இதே போலப் பல திசையில் முறுக வேண்டியது, அங்கும் இதே சிக்கல்.

நான்காவது ஸ்பெரிக்கல் பேரிங். எஃகு உறைக்குள் எஃகுப் பந்து, உண்மையான தோள்பட்டை மூட்டு. எல்லாத் திசையிலும் இலகுவாகத் திரும்பும், எந்தப் பக்கமும் நகராது. பந்தயக் காருக்கு இதற்கு மேல் இல்லை. ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் காதில் கேட்கும். மழைத் தண்ணீரும் சேறும் மண்ணும் உள்ளே போனால் பந்து சீக்கிரம் தேய்ந்து தட்டத் தொடங்கும். தினமும் வேலைக்குப் போகும் காரில் போட வேண்டாம்.

சுருக்கமாக: சாலை என்றால் புதிய ரப்பர். சாலையும் டிராக்கும் என்றால் ரப்பரோடு லிமிட்டர். பந்தயம் மட்டும் என்றால் ஸ்பெரிக்கல், அதுவும் பாக்கெட்டுக்கு வலுத் தகடு வெல்டு செய்த பிறகு.

மாற்றும்போது கெடுவது எங்கே

முதல் முறை செய்பவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு முழுநாள் ஆகும். கார் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள்.

கழற்றும் முன் இரண்டு அடையாளம் வையுங்கள். முதலாவது, பிராக்கெட்டின் விளிம்பைச் சுற்றிப் பாடியில் பெயின்ட் கோடு. பிராக்கெட்டின் மூன்று போல்ட் துளைகளும் நீள்வடிவத் துளைகள், டோ சரிசெய்வதே பிராக்கெட்டை அதில் தள்ளித்தான். கோடு இல்லாவிட்டால் அலைன்மென்ட் கடைக்குப் போகும் தூரம்கூட ஓட்டுவது கஷ்டம்.

இரண்டாவது அடையாளம்தான் மிக முக்கியம். மற்ற புஷ்களில் நடு போல்ட்டைத் தளர்வாக விட்டு, காரைத் தரையில் இறக்கி, ரப்பர் ஓய்வு நிலைக்கு வந்த பிறகு முறுக்கலாம். இதில் முடியாது. பிராக்கெட் பாடியின் பாக்கெட்டுக்குள் போய்விட்டால் நடு போல்ட்டுக்கு ஸ்பானர் எட்டாது. எனவே வெளியிலேயே, ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே சரியான கோணத்தை வைத்து முறுக்கிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும்.

கோணத்தைப் பிடிக்க எளிய வழி: கார் தரையில் நிற்கும்போது சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றிய பிறகு ஜாக்கியால் ஆர்மை மெதுவாகத் தூக்கி அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள், கார் ஸ்டாண்டிலிருந்து எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே. அந்த நிலையில் ஆர்மிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரே நேர்கோடாகப் பெயின்ட் போடுங்கள். புதிய புஷ்ஷை மாட்டும்போது இரண்டு கோட்டுத் துண்டுகளும் சேரும் இடமே சரியான கோணம். புதிய ஸ்பிரிங் போட்டு காரைத் தாழ்த்தப் போகிறீர்கள் என்றால் தாழ்ந்த பிறகு உள்ள அளவை வையுங்கள். 30 மி.மீ. தாழ்ந்தால் அரை மீட்டர் ஆர்மில் சுமார் 3.4 டிகிரி மாறும். இதைக் கவனிக்காமல், ஆர்ம் கீழே தொங்கும் நிலையிலேயே முறுக்கிவிட்டால், கார் நிற்கும்போதே ரப்பர் முறுகியிருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அதற்கு மேல் முறுக்கும். புதிய புஷ் சில மாதங்களில் கிழிந்து, ‘பார்ட் சரியில்லை’ என்ற பழி கடைக்காரர் மேல் விழும்.

மூன்று போல்ட்டுகளையும் எடுத்ததும் ஆர்மின் முன்முனை கீழே இறங்கும். அதற்கு முன் பிரேக் லைனையும் ஏபிஎஸ் ஒயரையும் பிடிப்பிலிருந்து விடுவியுங்கள், ஆர்மின் எடை அவற்றில் தொங்கக் கூடாது. கன்ட்ரோல் ஆர்ம்களின் போல்ட்டுகளைத் தொடாதீர்கள், ஸ்பிரிங் மேல் கன்ட்ரோல் ஆர்மில்தான் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது. பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல் திருகுத் தண்டும் கிண்ணமும் உள்ள புல்லரால் இழுங்கள். துளையின் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதை நேராக அழுத்துங்கள். எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவினால் ரப்பர் ஊறி உப்பிவிடும். இரு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று ஸ்கேலால் பாருங்கள்.

ஈ46-க்கு நடு போல்ட் 110 நியூட்டன் மீட்டர், பிராக்கெட்டின் மூன்று போல்ட்டுகள் தலா 77 நியூட்டன் மீட்டர். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சை எடுக்குமுன் உங்கள் மாடலின் கையேட்டில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்மையே மாற்ற வேண்டுமா

பெரும்பாலும் வேண்டாம். கனமான எஃகு ஆர்ம், லேசில் வளையாது. நடைபாதை விளிம்பிலோ ஆழமான பள்ளத்திலோ பக்கவாட்டாக மோதிய காரில் மட்டும் சந்தேகப்படுங்கள். பிராக்கெட்டைத் துளையின் கடைசி வரை தள்ளியும் டோ அளவுக்குள் வரவில்லை என்றால், இடது வலது ஆர்ம்களை ஒரே புள்ளிகளில் அளந்து ஒப்பிடுங்கள். மாற்றுவதென்றால் சக்கர பேரிங், சக்கரப் பக்கத்து மூட்டுகள், ஹேண்ட்பிரேக் பாகங்கள் எல்லாம் கழன்று வரும். அதே நேரத்தில் அவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். கேம்பரைக் கூடுதலாகத் திருத்த விரும்புபவருக்கு நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம் போதும்.

ஆர்ம் கீழே இருக்கும்போதே பாக்கெட்டின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்போ, பெயின்ட் உரிந்த கோடோ இருந்தால் முதலில் வெல்டிங் வேலை. ஈ46-இல் இன்னும் உள்ளே போய், பின் சப்ஃபிரேம் (கன்ட்ரோல் ஆர்ம்களைத் தாங்கும் சட்டம்) பாடியில் பூட்டும் நான்கு இடங்களையும் பாருங்கள், அங்கே தகடு வெடிப்பது அந்தத் தலைமுறையின் பெரிய குறை. வெடித்த தகட்டில் கெட்டியான புஷ் போட்டால் வெடிப்பு இன்னும் வேகமாக ஓடும்.

டார்ஷன் பீம் கார்களுக்கு

ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களின் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், இரண்டு டிரெய்லிங் ஆர்ம்களை ஒரு குறுக்குச் சட்டம் இணைப்பது. முன்னால் பெரிய புஷ் இரண்டு. தேய்ந்தால் பின்பக்கம் மொத்தமாகவே பக்கம் தள்ளும். மாட்டும் கோணமும், ரப்பரில் உள்ள வெற்று இடங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதும் அங்கே முக்கியம். கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வேலை, நான்கு சக்கர அலைன்மென்ட்

பெயின்ட் கோட்டில் சரியாக உட்கார்ந்தாலும் அலைன்மென்ட் செய்யாமல் விடாதீர்கள். முன்சக்கரம் மட்டும் பார்க்கும் கடை உதவாது. பிஎம்டபிள்யூவின் முறைப்படி டேங்க் நிறைய எரிபொருள், முன்சீட் ஒவ்வொன்றிலும் 68 கிலோ, பின்சீட்டின் நடுவில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ வைத்து அளக்க வேண்டும். காலிக் காரில் அளந்தால் எண்கள் வேறாக வரும். முதலில் கீழ் கன்ட்ரோல் ஆர்மின் எக்சென்ட்ரிக் போல்ட்டில் (மையம் விலகியது, திருப்பினால் மூட்டு நகரும்) கேம்பரை வையுங்கள், பிறகுதான் பிராக்கெட்டைத் தள்ளி டோ. ஒன்று மற்றொன்றை நகர்த்தும் என்பதால் இரண்டாவது சுற்றும் தேவைப்படும். இரண்டு பக்க டோவும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரங்கள் சேர்ந்து ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தச் சாய்வுக்கு த்ரஸ்ட் கோணம் என்று பெயர், நேர் சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். எண்கள் சரியானதும் அந்த மூன்று போல்ட்டுகளையும் டார்க் ரென்ச்சால் மறுபடி முறுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.